‘நன்றி, உங்கள் செய்தி கிடைத்தது’ என்று வருகிறது, மெயில் மட்டும் வரவில்லை: எங்கே பார்ப்பது?

கேள்வி: வேர்ட்பிரஸில் கட்டிய சிறு தொழில் வலைத்தளம். சிபேனல் (ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பக்கம்) உள்ள ஷேர்டு ஹோஸ்டிங், கான்டாக்ட் ஃபார்ம் 7 பிளகின். மெயில் பெட்டி மட்டும் ஜோஹோவில். ஃபார்மை நிரப்பி அனுப்பினால் பச்சைக் கட்டத்தில் நன்றிச் செய்தி வருகிறது. ஆனால் டொமைனின் இன்ஃபோ முகவரிக்கு ஒரு மெயிலும் வருவதில்லை. பெறுநராக ஜிமெயில் முகவரியைப் போட்டால் ஸ்பாமில் விழுகிறது, சில நாள் அங்கேயும் இல்லை. வேறு ஃபார்ம் பிளகின் போட்டுப் பார்த்தாலும் இதே கதைதான். என்ன செய்வது?

பதில்:

முதலில் ஒரு வேலையை முடித்துவிட்டு மற்றதைப் படியுங்கள். கான்டாக்ட் ஃபார்ம் 7 வருகிற செய்திகளை எங்கும் சேமித்து வைப்பதில்லை. மெயில் போகவில்லை என்றால் அந்த விசாரணை போனது போனதுதான். அதே ஆசிரியர் எழுதிய ஃபிளமிங்கோ என்ற இலவச பிளகினை நிறுவி இயக்குங்கள், வேறு செட்டிங் எதுவும் தேவையில்லை. அந்த நிமிடம் முதல் ஒவ்வொரு செய்தியும் டேட்டாபேஸில் பதிவாகும், டாஷ்போர்டில் படிக்கலாம். மெயில் சிக்கலைத் தீர்க்க இரண்டு நாள் ஆனாலும் வாடிக்கையாளர் யாரும் கைவிட்டுப் போக மாட்டார். மக்களின் பெயரும் போன் நம்பரும் அதில் சேர்ந்துகொண்டே இருக்கும் என்பதால், பழையவற்றை அவ்வப்போது அழித்துவிடுவது நல்லது.

பிளகினை மாற்றியும் ஏன் பயன் இல்லை? எந்த ஃபார்ம் பிளகினும் தானாக மெயில் அனுப்புவதில்லை. செய்தியை வேர்ட்பிரஸின் மெயில் ஃபங்ஷனிடம் கொடுக்கிறது. அது பிஎச்பிமெயிலரிடமும், அது பிஎச்பியின் மெயில் கட்டளையிடமும், அந்தக் கட்டளை சர்வரில் ஓடும் மெயில் மென்பொருளிடமும் ஒப்படைக்கிறது. சிபேனலில் அந்த மென்பொருள் எக்ஸிம். எக்ஸிம் ‘வாங்கிக்கொண்டேன்’ என்று சொன்னதும் பச்சைக் கட்டம் வந்துவிடும். தபால் பெட்டிக்குள் கடிதம் விழுந்தது என்பதற்கு மேல் அந்தப் பச்சைக்கு அர்த்தம் இல்லை. உங்கள் சிக்கல் அதற்குப் பிறகு நடப்பது, அதனால்தான் எந்த பிளகின் போட்டாலும் ஒன்றாகவே இருக்கிறது.

கட்டத்தின் நிறத்தைக் கவனிக்கும் பழக்கம் மட்டும் இருக்கட்டும். சிவப்பு வந்தால் சர்வர் வாங்கவே மறுத்துவிட்டது. ஆரஞ்சு வந்தால் அகிஸ்மெட்டோ ரீகேப்சாவோ ஸ்பாம் என்று பிடித்துவிட்டது. மஞ்சள் என்றால் ஏதோ கட்டம் சரியாக நிரப்பப்படவில்லை. நிறமே வராமல் சுழல் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தால் அது மெயில் சிக்கலே அல்ல. ஃபார்ம் தன் செய்தியை சர்வருக்கு அனுப்பும் வழியான ரெஸ்ட் ஏபிஐயை ஏதோ பாதுகாப்பு பிளகின் அடைத்திருக்கும், அல்லது பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்டில் பிழை இருக்கும். பிரவுசரின் கன்சோலைத் திறந்தால் 403 என்றோ 404 என்றோ காட்டிக்கொடுக்கும்.

இனி உங்கள் விஷயம். இங்கே இரண்டு தனித்தனிக் கோளாறுகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. இன்ஃபோ முகவரிக்கு அறவே வராதது ஒன்று, ஜிமெயிலில் ஸ்பாமுக்குப் போவது இன்னொன்று. ஒன்றைச் சரிசெய்தால் மற்றது தானாகச் சரியாகாது. இரண்டையும் ஒன்றாக நினைத்து அலைவதில்தான் பெரும்பாலோர் நாட்களை இழக்கிறார்கள்.

இன்ஃபோ முகவரிக்கு ஏன் வரவே இல்லை

உங்கள் டொமைனின் மெயில் ஜோஹோவில் இருக்கிறது என்பது உலகத்துக்கே தெரியும், மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று குறிக்கும் எம்எக்ஸ் பதிவு அதைச் சொல்கிறது. தெரியாதது உங்கள் ஹோஸ்டிங் சர்வருக்கு மட்டும்தான். டொமைன் தன்னிடம் இருப்பதால் அதன் மெயிலும் தன்னிடமே இருக்கிறது என்று எக்ஸிம் நினைத்துக்கொள்கிறது. இன்ஃபோவுக்கு ஒரு மெயில் வந்ததும் டொமைன்களின் பொது முகவரிப் பட்டியலான டிஎன்எஸ்ஸில் எம்எக்ஸைத் தேடிப் பார்ப்பதே இல்லை, தன் வீட்டுக்குள்ளேயே போட்டுவிடுகிறது. வெளியே உள்ளவர்கள் அனுப்பும் மெயில் எல்லாம் ஜோஹோவுக்குச் சரியாகப் போக, உங்கள் தளமே அனுப்புவது மட்டும் போகாமல் இருப்பது இதனால்தான்.

சிபேனலில் ஈமெயில் பகுதிக்குள் ‘ஈமெயில் ரூட்டிங்’ என்று இருக்கும். அங்கே உங்கள் டொமைனைத் தேர்ந்தெடுத்தால் ‘லோக்கல் மெயில் எக்ஸ்சேஞ்சர்’ என்பது குறிக்கப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். அதை ‘ரிமோட் மெயில் எக்ஸ்சேஞ்சர்’ என்று மாற்றிச் சேமியுங்கள். தானாகக் கண்டறியும் தேர்வும் உண்டு, ஆனால் மெயில் எங்கே இருக்கிறது என்று உறுதியாகத் தெரியும்போது ரிமோட் என்றே வைப்பது மேல். டைரக்ட் அட்மினில் இதே விஷயம் எம்எக்ஸ் பதிவுப் பக்கத்தில் ஒரு டிக் பெட்டியாக இருக்கும், ப்ளெஸ்கில் அந்த டொமைனுக்கான மெயில் சேவையை நிறுத்திவிட வேண்டும்.

மாற்றிய கையோடு இன்னொன்றையும் செய்யுங்கள். இத்தனை நாள் தொலைந்த மெயில்கள் முழுக்கத் தொலைந்திருக்க வேண்டியதில்லை. சிபேனலில் எப்போதோ இன்ஃபோ என்ற பெயரில் ஒரு மெயில் கணக்கு உருவாக்கியிருந்தால், அத்தனையும் அந்தப் பெட்டியில் குவிந்து கிடக்கும். சிபேனலின் வெப்மெயில் வழியாக அதைத் திறந்து பாருங்கள். அப்படிக் கணக்கு இல்லை என்றால் ‘டிஃபால்ட் அட்ரஸ்’ என்ன என்று பாருங்கள். சில ஹோஸ்டிங்குகளில் அது சிபேனல் பயனர் பெயரிலுள்ள பெட்டிக்குப் போகும்படி இருக்கும், அங்கே கிடைக்கலாம். ‘அப்படி ஒரு பயனர் இல்லை’ என்று திருப்பிவிடும்படி இருந்தால் அவை கிடைக்காது. எது நடந்தது என்பதை ‘ட்ராக் டெலிவரி’ பக்கம் ஒவ்வொரு மெயிலுக்கும் நேரத்தோடு காட்டும்.

ஜிமெயிலில் ஏன் ஸ்பாம்

முதல் சந்தேகம் ஃபார்மின் ‘ஃப்ரம்’ கட்டத்தின் மீது. கான்டாக்ட் ஃபார்ம் 7-இல் ஃபார்மைத் திறந்து மெயில் தாவலுக்குப் போங்கள். ஃப்ரம் இடத்தில் பார்வையாளர் தந்த மெயில் முகவரி வரும்படி யாராவது மாற்றி வைத்திருந்தால் அதுதான் முதல் குற்றவாளி. ‘ரிப்ளை அழுத்தினால் வாடிக்கையாளருக்குப் போக வேண்டும்’ என்ற நல்ல எண்ணத்தில் செய்வது. ஆனால் பார்வையாளர் யாஹூ முகவரி தந்திருந்தால், உங்கள் சர்வர் யாஹூவின் பெயரில் கடிதம் எழுதுகிறது என்று ஆகிவிடும். 2014 ஏப்ரலிலேயே யாஹூ தன் பெயரில் பிறர் அனுப்பும் மெயிலை நிராகரிக்கச் சொல்லி டிமார்க் கொள்கையை (தன் பெயரில் வரும் சரிபார்க்கப்படாத மெயிலை என்ன செய்வது என்று டொமைன் அறிவிப்பது) இறுக்கிவிட்டது, ஏஓஎல்லும் அதே மாதம் பின்தொடர்ந்தது. சில பேருடைய விசாரணை வருகிறது, சில பேருடையது வருவதில்லை என்ற புதிருக்குப் பெரும்பாலும் விடை இதுதான்.

ஃப்ரம் எப்போதும் உங்கள் சொந்த டொமைனின் முகவரியாக இருக்க வேண்டும். பார்வையாளர் முகவரி ‘ரிப்ளை-டு’ என்ற வரியில் போக வேண்டும், அதற்கான இடம் அதே தாவலில் கூடுதல் ஹெடர்கள் என்ற கட்டம். வேர்ட்பிரஸ் தானாகப் போடும் ‘வேர்ட்பிரஸ்@உங்கள் டொமைன்’ என்ற முகவரியையும் விட்டுவைக்க வேண்டாம். அப்படி ஒரு பெட்டி உண்மையில் இருக்காது. இன்ஃபோ என்றோ ஃபார்ம் என்றோ ஜோஹோவில் உயிரோடு உள்ள ஒரு முகவரியைப் போடுங்கள்.

அடுத்தது, ஊகிக்காமல் ஜிமெயிலிடமே கேட்பது. ஸ்பாமில் விழுந்த மெயிலைக் கணினியில் திறந்து, வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி ‘ஷோ ஒரிஜினல்’ கொடுங்கள். மேலே ஒரு சிறு அட்டவணை வரும், அதில் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற வரிகள் இருக்கும். எஸ்பிஎஃப் என்பது ஒரு டொமைனின் பெயரில் எந்த சர்வர்கள் அனுப்பலாம் என்ற பட்டியல், டிகிம் என்பது மெயிலில் இடும் டிஜிட்டல் கையெழுத்து. டிகிம் வரியே இல்லாமல் போகலாம். உங்களைப் போன்ற அமைப்பில் அடிக்கடி காணக் கிடைப்பது இது: எஸ்பிஎஃப் பாஸ், டிகிம் இல்லை, டிமார்க் ஃபெயில்.

எஸ்பிஎஃப் பாஸ் ஆன பிறகும் டிமார்க் எப்படி ஃபெயில் ஆகும் என்று பலர் இங்கே குழம்பி நிற்கிறார்கள். ஒவ்வொரு மெயிலுக்கும் இரண்டு அனுப்புநர் முகவரிகள் உண்டு. ஒன்று, நாம் கண்ணால் பார்க்கும் ஃப்ரம். இன்னொன்று உறையின் மேல் எழுதியது போன்றது, மெயில் திரும்பினால் எங்கே போக வேண்டும் என்று சொல்வது. அதே ‘ஷோ ஒரிஜினல்’ பக்கத்தில் கீழே ‘ரிட்டர்ன்-பாத்’ என்ற வரியைப் பாருங்கள். அதில் பெரும்பாலும் உங்கள் டொமைன் இருக்காது, சிபேனல் பயனர் பெயரும் ஹோஸ்டிங் நிறுவனத்தின் சர்வர் பெயரும் இருக்கும். பிஎச்பி மெயில் கட்டளை பொதுவாக அப்படித்தான் அனுப்புகிறது. எஸ்பிஎஃப் சோதிப்பது இந்த உறை முகவரியை. ஹோஸ்டிங் சர்வர் தன் பெயருக்குத் தானே சாட்சி சொல்லி பாஸ் வாங்கிவிடுகிறது. டிமார்க் கேட்பது வேறு கேள்வி: எஸ்பிஎஃபிலோ டிகிமிலோ பாஸ் ஆன டொமைனும், கண்ணுக்குத் தெரியும் ஃப்ரம் டொமைனும் ஒன்றா? இல்லை என்றால் ஃபெயில்.

2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும் இதில் கெடுபிடி காட்டுகின்றன. எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றாவது எல்லோருக்கும் கட்டாயம். ஒரு நாளில் ஜிமெயில் முகவரிகளுக்கு 5000 மெயிலுக்கு மேல் அனுப்புவோருக்கு இரண்டும், கூடவே டிமார்க்கும் கட்டாயம். ஒரு ஃபார்ம் அந்த எண்ணிக்கையை எட்டாது, ஆனாலும் மூன்றையும் சரியாக வைத்திருப்பதே இன்பாக்ஸுக்குள் நுழையும் வழி. ஜிமெயில் திருப்பி அனுப்பிய மெயிலில் 550 5.7.26 என்ற எண் இருந்தால் அது சொல்வது இதைத்தான்: அனுப்பியவர் யார் என்று நிரூபிக்கப்படவில்லை.

தீர்வு: சர்வரின் மெயிலை விட்டுவிட்டு எஸ்எம்டிபி வழி

உங்களுக்கு ஏற்கெனவே ஜோஹோ பெட்டி இருக்கிறது, ஆகவே தளமும் எஸ்எம்டிபி முறையில், அதாவது ஜோஹோவின் மெயில் சர்வரில் லாகின் செய்து, அதன் வழியாகவே அனுப்பட்டும். ஃப்ளூயன்ட் எஸ்எம்டிபி, டபிள்யூபி மெயில் எஸ்எம்டிபி இரண்டில் எதையாவது நிறுவுங்கள். அனுப்பிய ஒவ்வொரு மெயிலின் பதிவும் இலவசமாகவே கிடைப்பதால் முதலாவதைப் பரிந்துரைப்பேன். எது ஏன் போகவில்லை என்று தேடும்போது அந்தப் பதிவேடு கையில் இருப்பது பெரிய உதவி.

செட்டிங்கில் தவறு நடக்கும் இடங்கள் சில. இந்திய டேட்டா சென்டரில் தொடங்கிய ஜோஹோ கணக்கென்றால் சர்வர் பெயர் ‘.இன்’ என்று முடியும், ‘.காம்’ என்று போட்டால் பாஸ்வேர்டு சரியாக இருந்தும் 535 (லாகின் தோல்வி) என்று மறுக்கும். சொந்த டொமைனோடு கட்டணத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு ‘எஸ்எம்டிபி ப்ரோ’ என்று தொடங்கும் தனி சர்வர் பெயர் உண்டு. உங்களுக்கு எது என்பதை ஜோஹோ மெயிலின் செட்டிங் பக்கத்திலிருந்தே எடுங்கள், இணையத்தில் கிடைக்கும் ஏதோ வழிகாட்டியிலிருந்து எடுக்க வேண்டாம். போர்ட் 465 என்றால் எஸ்எஸ்எல், 587 என்றால் டிஎல்எஸ். இரண்டையும் மாற்றிக் கோத்தால் இணைப்பு தொங்கிக்கொண்டே இருந்து அறுந்துவிடும்.

இரண்டு கட்டச் சரிபார்ப்பு போட்டிருந்தால் வழக்கமான பாஸ்வேர்டு வேலை செய்யாது, ஆப் பாஸ்வேர்டு உருவாக்கிப் போட வேண்டும். ஜிமெயில் வழியாக அனுப்புவோருக்கும் இதே விதி. கூகுள் தனிநபர் கணக்குகளுக்குப் பழைய முறையை 2022 மே மாதத்தோடு நிறுத்திவிட்டது, இப்போது 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டுதான். ஃப்ரம் முகவரியும் லாகின் செய்த முகவரியும் வேறாக இருந்தால் ஜோஹோ 553 என்று சொல்லி அனுப்ப மறுக்கும். அதனால் பிளகினில் ‘ஃப்ரம் முகவரியைக் கட்டாயமாக்கு’ என்ற டிக்கைப் போடுங்கள். ஏதாவது ஒரு ஃபார்மில் யாராவது ஃப்ரமை மாற்றி வைத்திருந்தாலும் அது திருத்திவிடும்.

இன்னொரு பிழை பலரை அலைக்கழிக்கிறது. எல்லாம் சரியாகக் கொடுத்தும், சான்றிதழில் உள்ள பெயர் பொருந்தவில்லை என்று பிழை வரும். பிழைச் செய்தியில் ஜோஹோ சர்வர் பெயர் எதிர்பார்க்கப்பட்டது என்றும், கிடைத்தது உங்கள் ஹோஸ்டிங் சர்வரின் பெயர் என்றும் இருக்கும். ஹோஸ்டிங் நிறுவனம் வெளியே போகும் எஸ்எம்டிபி இணைப்புகளை வழிமறித்துத் தன் எக்ஸிமுக்கே திருப்பிவிடுகிறது என்று அர்த்தம். சான்றிதழ் சோதனையை அணைத்துவிடுங்கள் என்று சிலர் யோசனை சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், உங்கள் ஜோஹோ பாஸ்வேர்டை நீங்களே அந்நிய சர்வரிடம் நீட்டுவதாகும். ‘எஸ்எம்டிபி ரெஸ்ட்ரிக்‌ஷனை என் கணக்குக்கு நீக்கித் தாருங்கள்’ என்று ஹோஸ்டிங் உதவிக்கு எழுதுங்கள். மறுத்தால் எஸ்எம்டிபியை விட்டு ஏபிஐ முறைக்கு (மெயிலைச் சாதாரண வலைக் கோரிக்கையாக அனுப்புவது) மாறுங்கள். அது சாதாரண இணையப் போர்ட் 443 வழியே போவதால் இந்தத் தடை அதைத் தொடாது. ஜோஹோவின் ஸெப்டோமெயில், ப்ரெவோ, அமேசான் எஸ்இஎஸ், போஸ்ட்மார்க் எல்லாம் இப்படி வேலை செய்பவை. அமேசான், கூகுள் கிளவுட்களில் சொந்த சர்வர் வைத்திருப்பவர்களுக்குப் போர்ட் 25 தொடக்கத்திலேயே அடைத்துத்தான் கிடைக்கும், அவர்களுக்கும் இதுவே வழி.

டிஎன்எஸ் பதிவுகள்

எங்கே திருத்துகிறீர்கள் என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். டொமைனின் நேம்சர்வர் கிளவுட்ஃப்ளேரில் இருக்கும்போது சிபேனலின் ஸோன் எடிட்டரில் எவ்வளவு திருத்தினாலும் வெளியே ஒருவருக்கும் தெரியாது.

எஸ்பிஎஃப் பதிவு ஒரு டொமைனுக்கு ஒன்றே ஒன்றுதான். சிபேனல் தானாகப் போட்டது ஒன்று, ஜோஹோ சொன்னது ஒன்று என இரண்டு இருந்தால் இரண்டும் செல்லாது, நிரந்தரப் பிழை என்று கணக்காகிவிடும். ஒரே வரியில் ஜோஹோவின் ‘இன்க்ளூட்’ பகுதியையும் தேவைப்படும் மற்றவற்றையும் சேர்த்து எழுதுங்கள். ஒவ்வொரு இன்க்ளூடும் டிஎன்எஸ் தேடல் ஒன்றைச் செலவழிக்கிறது, அதற்குள் இருக்கும் இன்க்ளூடுகளும் கணக்கில் சேரும், மொத்தம் 10-ஐத் தாண்டக் கூடாது. எப்போதோ பயன்படுத்தி விட்டுவிட்ட சேவைகளை அதிலிருந்து நீக்கிவிடுங்கள்.

டிகிமுக்கு ஜோஹோவின் அட்மின் பக்கத்தில் ஒரு செலக்டர் (சாவியை அடையாளம் காட்டும் பெயர்) உருவாக்கினால் நீளமான சாவி ஒன்று தரும். அதை டிஎக்ஸ்டி பதிவாகப் போட வேண்டும். பெயர்க் கட்டத்தில் முழு டொமைனையும் எழுதும்போது சில டிஎன்எஸ் பக்கங்கள் டொமைனை மறுபடி ஒட்டிக்கொள்ளும், பெயர் இரட்டிப்பாகி யாராலும் கண்டுபிடிக்க முடியாத பதிவாகிவிடும். சேமித்த பிறகு பட்டியலில் எப்படித் தெரிகிறது என்று ஒருமுறை பாருங்கள். 2048 பிட் சாவி ஒரு சரத்துக்கான 255 எழுத்து வரம்பை மீறும். பல பக்கங்கள் தாமே பிரித்துக்கொள்ளும், பிரிக்காதவற்றில் நீங்கள் இரண்டு மேற்கோள் துண்டுகளாக இட வேண்டும். பதிவு வெளியே தெரிந்த பிறகு ஜோஹோவில் சரிபார்ப்பை அழுத்தி டிகிமை இயக்க மறந்துவிடாதீர்கள்.

டிமார்க்கை ‘நன்’ (எதுவும் செய்ய வேண்டாம்) என்ற கொள்கையோடு தொடங்குங்கள். பில் அனுப்பும் மென்பொருள், செய்திமடல் என்று உங்கள் பெயரில் வேறு யாரெல்லாம் அனுப்புகிறார்கள் என்று அறிக்கைகளில் சில வாரம் பார்த்துவிட்டு, பிறகு ‘குவாரன்டைன்’ (ஸ்பாமில் போடு) ஆக்கலாம். எடுத்த எடுப்பில் ‘ரிஜெக்ட்’ போட்டால் உங்கள் சொந்த இன்வாய்ஸ்களே திரும்பி வரும்.

இவ்வளவுக்குப் பிறகும் வராவிட்டால்

இன்ஃபோவிலிருந்து யாருடைய ஜிமெயிலுக்காவது ஃபார்வர்டு போட்டிருக்கிறீர்களா? ஃபார்வர்டு ஆகும்போது அனுப்பும் சர்வர் மாறுவதால் எஸ்பிஎஃப் உடைந்துவிடும், டிகிம் மட்டுமே தாக்குப்பிடிக்கும். டிகிம் போடாத தளங்களில் ஃபார்வர்டு ஆன மெயில் மட்டும் காணாமல் போவது இதனால். ஃபார்மின் பெறுநர் கட்டத்திலேயே இரண்டு முகவரிகளையும் கமா போட்டு எழுதிவிடுவது எளிது.

‘மெயில் 2’ என்ற தானியங்கிப் பதிலை இயக்கியிருந்தால், கேப்சா இல்லாமல் விட வேண்டாம். பாட்கள் யார் யாருடைய முகவரியையோ போட்டு நிரப்பும், உங்கள் தளம் அவர்களுக்கெல்லாம் மெயில் அனுப்பும், அவர்கள் ஸ்பாம் என்று குறிப்பார்கள். கெடுவது உங்கள் டொமைனின் பெயர், பிறகு நல்ல மெயிலும் ஸ்பாமுக்குப் போகும். முடிந்தால் அந்தத் தானியங்கிப் பதிலையே நிறுத்திவிடுங்கள், திரையில் வரும் நன்றிச் செய்தி போதும்.

பதிவேட்டில் 4-இல் தொடங்கும் எண் இருந்தால் தற்காலிக மறுப்பு, 451 என்றால் பெரும்பாலும் ‘கொஞ்சம் கழித்து வா’ என்பதுதான். 5-இல் தொடங்கினால் நிரந்தர மறுப்பு, காத்திருப்பதில் பயனில்லை, எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள வாக்கியத்தை முழுதாகப் படியுங்கள்.

சோதிக்கும்போது உங்கள் சொந்த இன்ஃபோ முகவரியையே பார்வையாளர் முகவரியாகப் போட்டுப் பார்க்காதீர்கள். ஒரு யாஹூ முகவரியையும் ஒரு ஜிமெயில் முகவரியையும் போட்டுத் தனித்தனியாக அனுப்புங்கள், ‘டெஸ்ட்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பதில் உண்மையான விசாரணை போல இரண்டு வரி எழுதுங்கள். வந்து சேர்ந்ததும் ரிப்ளை அழுத்தி, பெறுநராக அந்தப் பார்வையாளர் வருகிறாரா என்று பாருங்கள். ஜிமெயிலுக்கு வந்ததில் ‘ஷோ ஒரிஜினல்’ திறந்து மூன்றும் பாஸ் என்று காட்டுவதை உறுதிசெய்யுங்கள்.

பல மாதம் கழித்து யாராவது ஜோஹோ பாஸ்வேர்டை மாற்றினாலோ, ஆப் பாஸ்வேர்டு நீக்கப்பட்டாலோ ஃபார்ம் மறுபடி சத்தமில்லாமல் நின்றுவிடும், பதிவேட்டில் 535 மட்டும் வரிசையாக ஏறிக்கொண்டிருக்கும். ஆகவே மாதத் தொடக்கத்தில் ஒருமுறை ஃபார்மை நீங்களே நிரப்பி அனுப்புங்கள், அன்றே ஃபிளமிங்கோவில் உள்ள எண்ணிக்கையும் இன்பாக்ஸில் வந்த எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுங்கள்.